குட்டிச்சுவரின் பின்னூட்டங்கள்

எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு மற்றவர்களை மூச்சை அடக்கச் சொல்லித்தான் பழக்கம். அன்று அவளே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கைப்பேசியில் பதிப்பகத்திலிருந்து அழைப்பு. உள்ளே மேசைமேல் முழங்காலை நீட்டிப் படுத்திருந்த பெரியவர், "அம்மா, நான் மூச்சு விடலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முழங்காலுக்கு எதற்கு மூச்சை அடக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை, அந்த நேரத்தில் அவளுக்கும் தெரியவில்லை.

"உங்க நாவலை நாங்க போடறோம்," என்றது மறுமுனை. "சில விஷயம் பேசணும். நேர்ல வர முடியுமா?"

முடியுமாவாம். பள்ளிக்கூட நாளிலேயே நூலகத்துக்குப் போய், தன் பெயருக்கு அகர வரிசைப்படி எந்த அலமாரி வரும் என்று தேடி, அந்த இடத்தில் இரண்டு புத்தகங்களை விரலால் விலக்கி இடைவெளி விட்டுப் பார்த்தவள் அவள். நூலகர் வந்து, "என்ன பாப்பா, பூச்சி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அந்த இடைவெளி அதற்குப் பிறகு அவள் மனசில் அப்படியே இருந்தது. படிப்பு வந்தது, வேலை வந்தது, கல்யாணம் வந்தது, பிள்ளை வந்தது, தலையில் நரையும் வந்தது, புத்தகம் மட்டும் வரவில்லை. ஏற்கெனவே மூன்று பதிப்பகங்களின் கதவைத் தட்டியிருந்தாள். ஒன்று பதிலே போடவில்லை. இன்னொன்று, "இணையத்துல சும்மா கிடைக்கிறதை எவன் காசு குடுத்து வாங்குவான்?" என்று கேட்டது. மூன்றாவது, "இது யார் கதை? உங்க கதையா, டிவிக்காரங்க கதையா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டது.

அந்த மூன்றாவது பதிப்பகத்தின் கேள்வியில் நியாயம் இருந்தது. அந்த நாவல் பிறந்த விதம் அப்படி.

தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்தது. துறைமுகத்துக்குள் கப்பல்களை வழிகாட்டிக் கொண்டுவரும் மாலுமி ஒருவன். கரையில் வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி. நாளைக்குக் காற்று எப்படி என்று அவனிடம் தினமும் சொல்வாளே தவிர, மனசில் இருப்பதைச் சொல்ல மாட்டாள். இதையே வருஷக்கணக்காக ஜவ்வாக இழுத்தார்கள். கடைசியில், இதோ சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்த வாரத்தில், மாலுமியை மூடுபனிக்குள் அனுப்பிப் படகோடு காணாமல் அடித்துத் தொடரை முடித்துவிட்டார்கள். எழுதின மகராசன் கையில் கிடைத்திருந்தால் எக்ஸ்ரே அம்மா மெஷின் இல்லாமலேயே அவன் எலும்பை எண்ணியிருப்பாள்.

அந்தத் தொடரை அவள் தன் ஒரே மகளோடு சேர்ந்துதான் பார்ப்பாள். ஒரு சோபா, ஒரு போர்வை, இரண்டு பேருக்கும் இழுபறி. கடைசி நாள் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அவன் செத்திருக்க மாட்டான்லம்மா?" என்று கேட்டாள். "அவனாவது சாகறதாவது, சும்மா இருடி," என்றாள் அம்மா. மகளுக்கு அப்போது காலேஜ் போகும் வயசு. அழுகை மட்டும் பால்வாடி வயசு.

அதற்குச் சில மாதங்களில் அந்த மகள் வீட்டை விட்டுப் போனாள். அம்மா படித்த அதே எக்ஸ்ரே படிப்பில்தான் அவளையும் சேர்த்திருந்தார்கள். பாதியில் நிறுத்திவிட்டு, நாய் பூனைகளுக்கு முடிவெட்டிக் குளிப்பாட்டும் கடையில் வேலைக்குப் போகிறேன் என்று வந்து நின்றாள். அப்பாவுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அவருக்குக் கோபம் வந்தால் நேராக மொட்டை மாடிக்குப் போய்விடும், எந்தப் பொத்தானை அமுக்கினாலும் இறங்காது. "நாய்க்குச் சிரைக்கறதுக்கா உன்னைப் பெத்தோம்? போறதுன்னா போ. திரும்பி இந்தப் படி ஏறாதே," என்று கத்தினார். அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மகள் பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

அதன்பிறகு சோபா முழுவதும் அவளுக்கே, போர்வையும் அவளுக்கே. யாரும் இழுக்கவில்லை. ஒரு நாள் அதில் உட்கார்ந்து, மாலுமி மூடுபனியிலிருந்து திரும்பி வருவதாகக் கைப்பேசியில் ஓர் அத்தியாயம் எழுதினாள். அவன் சாகவில்லை என்று மகளுக்குக் கொடுத்த வாக்கு பாக்கி இருந்ததல்லவா. அந்தத் தொடரின் ரசிகர்கள் ஆளுக்கொரு தொடர்ச்சி எழுதிப் போடும் தளம் ஒன்று இருந்தது. அதில் 'உப்புக்காற்று' என்ற பெயரில் போட்டாள். எங்கேயாவது, எப்போதாவது மகள் கண்ணில் பட்டுவிடாதா என்ற நப்பாசைதான். வேறு எதற்கும் இல்லை.

பட்டது. மூன்றாவது அத்தியாயத்தின் அடியில் 'குட்டிச்சுவர்' என்ற பெயரில் ஒரு பின்னூட்டம் வந்தது. குட்டிச்சுவர் என்பது அப்பா மகளைத் திட்டும் திட்டு. "உருப்படாம குட்டிச்சுவராப் போகப்போறே!" அதையே பட்டமாகச் சூட்டிக்கொண்டிருந்தாள் கழுதை. பெயரைப் பார்த்தே சந்தேகம் வந்தது. படித்தபோது சந்தேகம் தீர்ந்தது.

'இந்தத் தொடரை என் அம்மாவோடு பார்ப்பேன். விளம்பரம் வந்தால் அம்மா அடுப்படிக்கு ஓடுவாள். திரும்பி வந்து, என்னடி ஆச்சு, என்னடி ஆச்சு என்று நச்சரிப்பாள். அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது யாராவது அப்படிக் கேட்க மாட்டார்களா என்றிருக்கிறது. மாலுமியைக் காப்பாற்றியதற்கு நன்றி. நிறுத்திவிடாதீர்கள்.'

அந்த நிமிஷமே, 'அடியே, நான்தான்டி' என்று ஒரு வரி போட்டிருக்கலாம். விரல் போனது, மனசு பிடித்து இழுத்தது. போட்டால் அடுத்த பின்னூட்டம் வராது என்று பயம். அந்தப் பயம் பொய் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மகளோடு ஃபோனில் பேசுவாள். சாப்பிட்டியா? ம். வேலை எப்படி? போகுது. உடம்பு? நல்லாருக்கு. வச்சிடட்டா? வச்சிடு. இவ்வளவுதான். அதே பெண் அன்று மாலை தளத்தில் வந்து, மாலுமியின் பேச்சைச் சாக்காக வைத்துப் பக்கம் பக்கமாகக் கொட்டுவாள். கடித்த நாய், கடிக்காத முதலாளி, அறைத்தோழியின் குறட்டை, தனியாகக் காய்ச்சலில் கிடந்தது எல்லாம் வரும். உப்புக்காற்று எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவாள். மரியாதையாக, பொறுமையாக, ஒரு நல்ல சிநேகிதி மாதிரி.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. ஒரு முறை குட்டிச்சுவர் எழுதினாள்: 'வீட்டை விட்டு வந்த அன்று அப்பா கத்தியதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. குழாயைக்கூட நிறுத்தவில்லை. அந்தத் தண்ணீர்ச் சத்தம்தான் இன்னும் கேட்கிறது.' அதைப் படித்த நாள் எக்ஸ்ரே அம்மா ஒரு நோயாளியின் இடது கைக்குப் பதில் வலது கையைப் படம் எடுத்துவிட்டு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மாலையில் பதில் எழுதினாள்: 'உங்கள் அம்மாவுக்கும் ஏதாவது காரணம் இருந்திருக்கலாம்.' அதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

இன்னொரு முறை தனிச்செய்தி வந்தது. ஒருவன். எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்பானாம். கல்யாணமா? பார்க்கலாம். வீட்டில் சொன்னாயா? பார்க்கலாம். அம்மாவாக இருந்தால் பஸ் ஏறிப்போய் அவன் சட்டையைப் பிடித்திருப்பாள், கூடவே மகளுக்கும் நாலு வைத்திருப்பாள். உப்புக்காற்றோ உட்கார்ந்து ஓர் அத்தியாயம் எழுதினாள். வானிலைப் பெண் மாலைவரை துறைமுகத்தில் காத்திருக்கிறாள், பிறகு வீட்டுக்குப் போகிறாள், கதவைப் பூட்டுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். அவ்வளவுதான் அத்தியாயம். மறுநாள் குட்டிச்சுவர் எழுதினாள்: 'படித்தேன். அவன் நம்பரை அழித்துவிட்டேன். உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.'

இப்படி வளர்ந்த கதைதான் நாவல். இப்போது அதைப் புத்தகமாகப் போடுகிறோம் என்கிறார்கள்.

பதிப்பகம் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது. பதிப்பாசிரியைக்கு அவள் மகளைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். ஜலதோஷம் வேறு. தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவில் நிபந்தனைகள் வந்தன.

"பேரை எல்லாம் மாத்தணும். மாலுமி, துறைமுகம், கப்பல் எதுவும் இருக்கக் கூடாது. டிவி கம்பெனி கேஸ் போட்டா எங்க மேஜை நாற்காலிகூட மிஞ்சாது."

"மாத்திடறேன்."

"அப்புறம், உங்க மாலுமி எப்படி இருப்பாரு?"

"எப்படின்னா?"

"குட்டையா நெட்டையா, கறுப்பா சிவப்பா? கதை முழுக்க சிரிக்கிறாரு, அழறாரு, குளிர்ல நடுங்கறாரு. ஆனா ஒரு இடத்துலயும் முகமே இல்லையே!"

எக்ஸ்ரே அம்மா திகைத்துப்போனாள். நிஜம்தான். ஒரு வரிகூட எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? தளத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவனை டிவியில் பார்த்துவிட்டு வருகிறவர்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்கு யாராவது முகவரி சொல்வார்களா? ரசிகர் கதை எழுதுகிற அத்தனை பேரும் வழுக்கி விழும் பள்ளம் இது. அவளும் நன்றாகவே விழுந்திருந்தாள்.

"எலும்பைக் கேளுங்க, சொல்லிடுவேன்," என்றாள். பதிப்பாசிரியை சிரித்துத் தும்மினாள்.

"கடைசியா ரெண்டு விஷயம். இந்த மாசக் கடைசிக்குள்ள தளத்துல இருக்கற கதையை மொத்தமா எடுத்துடணும். புத்தகம் உங்க சொந்தப் பேர்ல வரும், பின் அட்டையில ஃபோட்டோவோட."

"உப்புக்காற்றுன்னே போட முடியாதா?"

"அந்தப் பேரை வச்சே இது எந்தக் கதைன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. தவிர, கதையிலதான் கடலே இல்லன்னு ஆயிடுச்சே, உப்பு எங்கேருந்து வரும்?"

"கதையை எடுத்தா, கீழ இருக்கற பின்னூட்டம்?"

"அதுவும் போயிடும். ஏன், அது எதுக்கு உங்களுக்கு?"

"சும்மா கேட்டேன்," என்றாள் எக்ஸ்ரே அம்மா.

மாடிப்படி இறங்கும்போதே கணக்குப் போட்டுப் பார்த்தாள். பழைய பின்னூட்டங்களை எடுத்து வைத்துக்கொள்ளலாம், அதில் ஒன்றுமில்லை. இனிமேல் வரப்போவதை எங்கே போய் எடுத்து வைப்பது? பக்கம் போனால் மகளின் பேச்சு போகும். புத்தகம் வந்தால், பின் அட்டையில் அம்மாவின் மூஞ்சியைப் பார்த்துவிட்டு மகளே போய்விடுவாள். வேண்டாம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த அலமாரி இடைவெளி இருக்கிறதே. இத்தனை வருஷம் காத்திருந்தது, இப்போது ஒரு பெண்ணின் தும்மலுக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அவளுக்குப் புத்தகம் வேண்டும். மகளும் வேண்டும். இரண்டும் வேண்டும் என்று ஏங்குவதற்குப் பேராசை என்று பெயர் என்றால், அவள் பேராசைக்காரிதான்.

திருத்தும் வேலை தொடங்கியது. கடலை எடுத்துவிட்டு எதை வைப்பது? அவளுக்குத் தெரிந்த தொழில் இரண்டுதான், ஒன்று தன்னுடையது, மற்றொன்று புருஷனுடையது. இரண்டாவதிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கி, மாலுமியை மலையில் ரோப்கார் ஓட்டுகிறவனாக மாற்றினாள். மூடுபனிக்கு மலையிலும் பஞ்சமில்லை.

"ஏங்க, ரோப்கார் நடுவழியில நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவாங்க?" என்று காப்பி கொடுக்கும் சாக்கில் கேட்டாள்.

லிஃப்ட் மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். அவர் தொழிலைப் பற்றி அந்த வீட்டில் யாரும் எதையும் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது. காப்பி ஆறும்வரை பேசினார். கம்பிவடம், பிரேக், கையால் சுற்றும் சக்கரம், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது. "பேச்சு மட்டும் நிக்கக் கூடாது பாரு. பேச்சு நின்னாத்தான் ஆளு பயந்து ஏதாவது ஏடாகூடமாப் பண்ணும்," என்றார். பெற்ற பெண்ணோடு பேச்சை நிறுத்தியவர் சொல்கிறார் என்று அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அதை அப்படியே கதையில் போட்டுக்கொண்டாள்.

மாதக் கடைசி நெருங்கியதும் தளத்தில் ஓர் அறிவிப்பு வைத்தாள். கதையை எடுக்கப்போகிறேன், அது வேறு உருவத்தில் வரும், இத்தனை நாள் உடன் வந்தவர்களுக்கு நன்றி. ரசிகர்கள் திரண்டு வந்தார்கள். பாதிப் பேர் வாழ்த்தினார்கள். மீதிப் பேர், ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைக்கிறாயா என்று வறுத்தெடுத்தார்கள். குட்டிச்சுவர் பொதுவில் ஒன்றும் எழுதவில்லை. தனிச்செய்தி அனுப்பினாள்.

'உங்களுக்குப் புத்தகம் என்றால் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும், நூலக அலமாரிக் கதையை எழுதியிருந்தீர்களே. சந்தோஷம். ஆனால் பக்கம் போன பிறகு உங்களிடம் எப்படிப் பேசுவது? உங்கள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஒரே ஒரு முறை உங்களைப் பார்க்க வேண்டும். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் வருகிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.'

அதைப் படித்தபோது அவள் எக்ஸ்ரே அறையில், ஈய அங்கியை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நெஞ்சின் பாரத்துக்கு அங்கியைக் குற்றம் சொல்லிப் பார்த்தாள். கழற்றிய பிறகும் பாரம் இறங்கவில்லை. பதில் எழுதினாள்: 'நீங்கள் வர வேண்டாம். நான் உங்கள் ஊருக்கு வருகிறேன்.'

வீட்டில், மகளைப் பார்க்கப் போகிறேன் என்றாள். லிஃப்ட் மெக்கானிக் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "எப்படி இருக்கான்னு பார்த்துட்டு வா. நான் கேட்டேன்னு சொல்லித் தொலைக்காதே," என்றார்.

மகள் சொன்ன காப்பிக் கடை ஒரு தெருமுனையில், கண்ணாடிக் கதவோடு இருந்தது. முன்னதாகப் போய் மூலையில் உட்கார்ந்து மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்பது அம்மாவின் திட்டம். மகள் அதற்கும் முன்னதாக வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி கலையாத பச்சைச் சட்டை. கால்சட்டையில் ஏதோ வெள்ளை நாயின் முடி. மேசையில் கம்பிச்சுருள் போட்டுக் கட்டிய தடித்த தாள்கட்டு. மொத்தக் கதையையும் அச்செடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், கையெழுத்து வாங்க.

"அம்மா?" முகத்தில் இருந்தது சந்தோஷமல்ல, அதிர்ச்சிதான். "நீ எங்க இங்க?"

உண்மையைச் சொல்ல வந்தவள் வாயில் பொய் வந்தது. "மெஷின் கம்பெனிக்காரங்க ட்ரெயினிங்குன்னு கூப்பிட்டாங்க. அப்படியே..."

"சொல்லிட்டு வரக் கூடாதா? சரி சரி. இங்க பாரும்மா, எனக்கு ஒருத்தங்க வர்றாங்க. ரொம்ப முக்கியமானவங்க. நீ அதோ அந்த டேபிள்ல உட்காரு. ஒரு மணி நேரம். அப்புறம் நானே உன்னை பஸ் ஏத்தி விடறேன். கோச்சுக்காதே, ப்ளீஸ்."

அம்மா சொன்ன பேச்சைக் கேட்டு, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்தாள். வேறென்ன செய்வாள்? அங்கிருந்து மகளைப் பார்த்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் மகள் நிமிர்ந்தாள். பார்சல் கொண்டுவந்த ஆள், குடையோடு ஒரு கிழவி, ஒரு புருஷன் பெண்டாட்டி. ஒவ்வொரு தடவையும் அந்த முகம் மலர்ந்து, பிறகு வாடியது. தன்னைப் பார்த்தபோது அது மலரவில்லை. தன் மேலேயே பொறாமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மகள் கைப்பேசியில் எதையோ தட்டினாள். அம்மாவின் பைக்குள் அது வந்து விழுந்தது. 'ஜன்னலோரம் இருக்கிறேன். பயமாக இருக்கிறது. வராமல் இருந்துவிடாதீர்கள்.'

ஓடிவிடலாம். 'மன்னிக்கவும், இன்று வர முடியவில்லை' என்று எழுதினால் போதும், உப்புக்காற்று நல்லவளாகவே மறைந்துவிடுவாள். எழுதவும் செய்தாள். அனுப்பவில்லை, அழித்தாள். எழுந்து நடந்தாள்.

"அம்மா, இன்னும் அவங்க வரல. நீ அங்கயே..."

"வந்தாச்சுடி."

மகள் வாசலைப் பார்த்தாள். "எங்க?"

"நான்தான். உப்புக்காற்று நான்தான்."

மகள் சிரித்தாள். "என்னம்மா உளர்றே? என் ஃபோனை எடுத்துப் பார்த்தியா?"

"வானிலைப் பொண்ணு கதவைப் பூட்டிட்டுத் தூங்கினா. அதைப் படிச்சிட்டு நீ அவன் நம்பரை அழிச்சே. என்னைத் தவிர யார்கிட்டயும் சொல்லலன்னு எழுதினே."

சிரிப்பு நின்றது. மகள் எதிர் நாற்காலியில் வைத்திருந்த பையை எடுக்கவில்லை. அம்மா நின்றுகொண்டே இருந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்? அது நான்னு?"

"முதல் பின்னூட்டத்துலேர்ந்து."

"அப்போ எல்லாத்தையும் படிச்சே. குழாய் விஷயத்தையும்." குரல் உயர்ந்தது. "படிச்சிட்டு, 'உங்க அம்மாவுக்கும் ஏதாவது காரணம் இருந்திருக்கலாம்'னு பதில் வேற! உனக்கு நீயே வக்கீலாம்மா?"

"குழாயை நிறுத்தியிருந்தா நான் அழறது கேட்டிருக்கும்டி."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாமலேயே கேட்டாள். "அவனைப் பத்தி நான் எழுதினேன்ல. அதுக்குப் பதிலா ஒரு அத்தியாயம் வந்துச்சே. அதை எழுதினது யாரு? நீயா, அவங்களா?"

"அவங்கதான்," என்றாள் அம்மா. பொய் சொல்ல இனி அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. "நானா இருந்தா கத்தியிருப்பேன். எழுத உட்கார்ந்தாத்தான் எனக்கு அவ்வளவு பொறுமை வருது. ஏன்னு தெரியல. அந்தப் பொறுமை உனக்கு வீட்டுல கிடைச்சிருக்கணும்."

"எனக்கு அவங்கதான் வேணும்மா." மகள் அழுதாள். "உன்கிட்ட சொல்ல எனக்கு ஒண்ணுமே இல்ல. அவங்ககிட்ட சொல்ல எவ்வளவு வச்சிருந்தேன் தெரியுமா? ரூம்லேர்ந்து இங்க வர்ற வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டு வந்தேன். இப்போ அவங்களே இல்லன்னு ஆக்கிட்டியே."

"வேணும்னா புத்தகம் வேணாம்னு சொல்லிடறேன். பக்கத்தை எடுக்கல. அப்படியே இருக்கட்டும்."

"இருந்து? நீன்னு தெரிஞ்சப்புறம் நான் அங்க வந்து எதை எழுதுவேன்? புத்தகத்தைப் போட்டுக்கோ. அவங்களுக்கு அது மேல எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ கிளம்பும்மா. தயவுசெஞ்சு கிளம்பு."

அம்மா வெளியே வந்தாள். நடைபாதையில் சாவி செய்கிறவன் ஒருவன் ஏதோ பூட்டை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டி பஸ் நிறுத்தம். போய் நின்றாள். பஸ் வந்தது, நடத்துனர் அவளைப் பார்த்தார், அவள் ஏறவில்லை, பஸ் போய்விட்டது. அழுகை வருமென்று பார்த்தாள். வரவில்லை. அவளுக்கு அவங்கதான் வேண்டுமாம். அவங்க என்ன வேறு கிரகத்திலா இருக்கிறாள்? கைப்பையைக் கட்டிக்கொண்டு இந்த நிறுத்தத்தில் முட்டாள் மாதிரி நிற்கிறாள். எக்ஸ்ரே அம்மாவுக்கு வீட்டுக்குப் போகத் தெரியும். பேசாமல் இருக்கத் தெரியும். அதைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்திருக்கிறாள். எழுதுகிறவளாக இருந்தால் இந்நேரம் என்ன செய்வாள்? யோசித்தாள். யோசித்தபடியே கால் திரும்பிவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் போகாமல் உட்கார்ந்திருந்தாள். தாள்கட்டு மூடியபடி இருந்தது. இன்னும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நின்றவள் கலைந்த முடியை ஒதுக்கினாள். முகத்தைத் துடைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், ஜன்னலோர மேசைக்கு முன்னால், முன்பின் தெரியாதவர்கள் முன் நிற்கிற மாதிரி நின்றாள்.

"மன்னிச்சுக்கோங்க, லேட்டாயிடுச்சு," என்றாள். "நீங்கதானே குட்டிச்சுவர்?"

மகள் அவளை நெடுநேரம் பார்த்தாள். கோபம் எங்கேயும் போய்விடவில்லை, அங்கேதான் இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எதிர் நாற்காலியிலிருந்து பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"உட்காருங்க," என்றாள். "எங்கம்மா இப்பத்தான் எந்திரிச்சுப் போனாங்க. அவங்களைப் பத்தித்தான் உங்ககிட்ட நிறைய சொல்லணும்."